தோட்டத்துச் சபையும் ஊழியமும்: கோல சிலாங்கூர், வட சிலாங்கூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள்

மலேசியத் தோட்டத் தமிழரின் சமய வாழ்வைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி மாரியம்மன் கோயில்களையும் காவல் தெய்வங்களையும் தீமிதித் திருவிழாக்களையும் பற்றியது. அது இயல்பே. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியருள் நூற்றுக்கு எண்பத்தாறு பேர் இந்துக்கள். கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர். தோட்டங்களிலோ இச்சிறுபான்மை இன்னும் சிதறிக் கிடந்தது. ஒரு தோட்டத்தில் பத்துக் குடும்பங்கள், அடுத்த தோட்டத்தில் மூன்று குடும்பங்கள் என்ற அளவில் வாழ்ந்தவர்கள் எவ்வாறு ஒரு சபையாக நிலைத்தனர் என்பது ஆராயத்தக்க வினா. இதனைக் குருமார் வரலாறாகவோ கட்டட வரலாறாகவோ எழுதினால் விடை கிடைப்பதில்லை. பால்மரம் வெட்டிய ஒருவர், ஞாயிறுதோறும் வந்து அமர்ந்துபோகும் நிலையிலிருந்து சபையின் காரியங்களைத் தாமே சுமக்கும் நிலைக்கு வந்தது எப்படி என்று கேட்டால்தான் அவ்வரலாறு தெளிவுபடும். இக்கட்டுரையில் நாம் அவ்வினாவையே எடுத்துக்கொள்கிறோம்.

சொற்கள் காட்டும் வழி

தமிழாசிரியர்களுக்கு இவ்வினாவின் வாயில் சொற்களில் இருக்கிறது. சபையைச் சார்ந்தவரை முன்னர் 'அங்கத்தினர்' என்றனர். இன்று 'உறுப்பினர்' என்கிறோம். வடசொல்லாகிய அங்கமும் தமிழ்ச்சொல்லாகிய உறுப்பும் உடலின் பகுதியையே குறிப்பன. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரம் சபையை உடலாகவும் விசுவாசிகளை அதன் அவயவங்களாகவும் உருவகிக்கிறது. சங்கங்களிலும் கட்சிகளிலும் இன்று எண்ணிக்கைச் சொல்லாகத் தேய்ந்துவிட்ட 'உறுப்பினர்' என்பதனுள் இயங்குதல் என்னும் பொருள் மறைந்து கிடக்கிறது. இயங்காத உறுப்பைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்கள் உண்டு.

'ஊழியம்' என்ற சொல்லின் கதை இதனினும் வியப்புக்குரியது. இன்று புராட்டஸ்டாண்டு சபைகளில் மனமுவந்து செய்யும் இறைப்பணிக்கு இதுவே பெயர். ஆனால் திருவிதாங்கூர் அரசில் 'ஊழியம்' என்றால் ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலை. 1810 முதல் 1819 வரை அங்கு ரெசிடெண்டாக இருந்த மன்றோவின் காலத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. ஞாயிறு ஊழியத்திலிருந்து விடுபட்டவர்களின் வழியினரே ஞாயிறு ஆராதனைப் பணியை ஊழியம் என்று அழைக்கலாயினர்! கத்தோலிக்கர் பெரும்பாலும் 'பணி', 'தொண்டு' என்பவற்றை ஆள்கின்றனர். அச்சொல்லும் வெறுஞ்சொல்லன்று, பெரியபுராணத்திற்கே திருத்தொண்டர் புராணம் என்று பெயர். பிறருக்காக ஆறு நாளும் உழைத்த தோட்டத் தொழிலாளி, ஏழாம் நாள் தான் விரும்பிச் செய்ததையும் ஊழியம் என்றே சொன்னான். இரண்டு ஊழியங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அவன் அறிந்திருந்தான் என்பதில் நமக்கு ஐயமில்லை.

நிலமும் சபைகளும்

கோல சிலாங்கூர் மாவட்டமும் அதனை அடுத்த உலு சிலாங்கூர் மாவட்டமும் தோட்டங்களால் உருவான பகுதிகள். புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, சுங்கை ரம்பை, கோல்பீல்ட்ஸ், புக்கிட் செராக்கா என நீளும் பெயர்களைத் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இன்றும் காணலாம். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தெனாமாரம் தோட்டத்தில்தான் 1917இல் பிரெஞ்சுக்காரராகிய ஆன்றி ஃபொக்கோனியே மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். அத்தோட்டத்தின் பெயர் 'தென்னைமரம்' என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு என்பர். செம்பனையின் மலேசிய வரலாறு இவ்வாறு தென்னையின் தமிழ்ப்பெயரில் தொடங்குகிறது. பத்தாங் பெர்ஜுந்தை ஊரின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என மாறியது.

இங்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சமயத்தை மலாயாவில் பெற்றவர்கள் அல்லர். பெரும்பாலோர் அதனை ஊரிலிருந்து கொண்டுவந்தனர். தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு, புதுவைப் பகுதிகளின் கத்தோலிக்கரும், 1706இல் சீகன்பால்க் வந்திறங்கிய தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன்களும் இவர்களுள் இருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்தோருள் மெதடிஸ்தரும் ஆங்கிலிக்கரும் இருந்தனர். கத்தோலிக்கருக்கு ஒரு வசதி வாய்த்தது. புதுச்சேரியிலும் மலாக்கா மறைமாவட்டத்திலும் பணியாற்றியது ஒரே பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையாகும். அதனால் தமிழறிந்த பிரெஞ்சுக் குருக்கள் மலாயாவில் கிடைத்தனர். லுத்தரன்களோ தரங்கம்பாடித் திருச்சபையிலிருந்து போதகரை வரவழைக்க வேண்டியிருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயம் அவர்களுடைய நடுவிடமாயிற்று.

பெஸ்தாரி ஜெயாவிலுள்ள கத்தோலிக்க ஆலயம் வனத்துச் சின்னப்பர் பெயரால் அமைந்தது. எகிப்தியப் பாலைவனத் துறவியாகிய பவுல் என்பவரே தமிழில் வனத்துச் சின்னப்பர். மரபு நாட்காட்டியில் அவருடைய திருநாள் ஜனவரி 15. தமிழகத்தில் பொங்கலை ஒட்டி வருவதால் அது உழவர் விழாவின் நிறத்தையும் பெற்றுவிட்டது. ஐரோப்பாவில் இப்புனிதருக்கு இல்லாத மக்கள்செல்வாக்கு தமிழகத்தில் உண்டு. காடழித்துத் தோட்டமாக்கிய நிலத்தில் தமிழர் கூடும் ஆலயத்திற்கு 'வனத்து'ச் சின்னப்பர் பெயர் அமைந்திருப்பது எத்துணைப் பொருத்தம்!

குருவில்லா ஞாயிறு

ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் பல தோட்டங்கள் இருந்தன. செம்மண் சாலைகளில் மிதிவண்டியிலும் மோட்டார்சைக்கிளிலும் வந்துசேரும் 'சாமியார்' மாதம் ஒருமுறை வந்தால் நல்வாய்ப்பு. போதகர்களின் நிலையும் இதுவே. எஞ்சிய ஞாயிறுகளில் சபை என்ன செய்தது? இங்குத்தான் நம் வினாவுக்கு விடை இருக்கிறது. தோட்டத்தில் சேவை செய்யும் அங்கத்தினரை உண்டாக்கியது முதற்கண் குருவின் இன்மையே.

அந்த இன்மையை நிரப்பியவர் உபதேசியார். கத்தோலிக்கரிலும் லுத்தரன்களிலும் இப்பெயர் வழங்கிற்று. சிலர் பங்கிலிருந்து சிறுதொகை பெற்றனர். பலர் பெரட்டுக்குப் போய்த் தீம்பாரில் வேலைசெய்து திரும்பிய பின்னரே உபதேசியாராயினர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தல், ஞாயிறு செபத்தை நடத்துதல், நோயாளிகளைப் பார்த்தல், திருமணத்திற்கு ஓலை வாசிக்கச் செய்தித் தருதல், குரு வரும் நாளை வீடுவீடாக அறிவித்தல் ஆகியன அவருடைய கடமைகள். பிறந்த குழந்தை பிழைக்காது என்ற நிலையில் திருமுழுக்குக் கொடுத்தவரும் அவரே. அவசர வேளையில் யாரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்பது திருச்சபையின் தொன்மையான சட்டம். தோட்டத்தின் குழந்தை இறப்பு மிகுந்திருந்த காலத்தில் அச்சட்டம் ஏட்டில் உறங்கவில்லை.

சாவு மற்றொரு கட்டாயம். வெப்ப நாட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு குருவுக்காகக் காத்திருக்க இயலாது. அடக்கச் செபத்தை வாசிக்க ஒருவர் தேவை. குழிவெட்டவும் பெட்டி செய்யவும் நால்வர் தேவை. இந்துத் தொழிலாளரும் உடன் நின்றனர். ஒருவர் முதன்முறையாகச் சபையின் முன் நின்று உரக்க வாசித்தது ஞாயிறு ஆராதனையில் என்று நாம் எளிதில் கருதிவிடுகிறோம். பலருக்கு அது கல்லறையில் நிகழ்ந்திருத்தல் கூடும். அங்கே மறுக்க முடியாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடும்வரை கத்தோலிக்கத் திருப்பலி இலத்தீனில் இருந்தது. ஆகவே தமிழில் இறைவேண்டல் செய்யும் இடம் திருப்பலிக்கு வெளியே அமைந்தது. செபமாலை, பிரார்த்தனை, சிலுவைப்பாதை, தவக்காலப் பாடல்கள் ஆகிய அனைத்தும் மக்கள் கையில் இருந்தன. லைன் வீட்டு வாசலில் மாலைவேளையில் செபமாலையைத் தொடங்குபவர் பெரும்பாலும் பெண், எழுத்தறியாதவராகவும் இருக்கலாம். நீண்ட பிரார்த்தனையை மனப்பாடமாகச் சொல்ல வல்லவர் எவரோ அவரே தலைவர். லுத்தரன்களும் மெதடிஸ்தரும் ஞானப்பாட்டுகளையும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனைகளையும் பாடினர். பாட்டுப்புத்தகம் ஒன்றே இருந்தால் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் தொடர்ந்தனர்.

மெதடிஸ்த மரபில் இதற்கு ஒழுங்கான அமைப்பு உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கடனை அடைக்க ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருவது என முடிவாயிற்று. அதைத் தண்டச் சிறு குழுக்களும் குழுவுக்கொரு தலைவரும் ஏற்பட்டனர். காசு வாங்க வீடு செல்பவர் அவ்வீட்டின் துயரையும் கேட்கலானார். அதுவே வகுப்புத் தலைவர் என்ற ஊழியமாயிற்று. ஜான் வெஸ்லியின் இயக்கம் இதனால்தான் பரவிற்று என்றாலும் மிகையாகாது. தோட்டத்தில் சம்பள நாளன்று சந்தா தண்டச் சென்றவரின் பணியும் இத்தகையதே. அங்கத்தினராகச் சேரும்போது செபம், வருகை, காணிக்கை, சேவை ஆகிய நான்கினாலும் சபையைத் தாங்குவேன் என உறுதியளிப்பது மெதடிஸ்த முறை. லுத்தரன்களிடம் திடப்படுத்தல், கத்தோலிக்கரிடம் உறுதிப்பூசுதல் என்னும் வாயில்கள் உள. இவை யாவும் முறைப்படி ஒருவரை முதலில் அங்கத்தினராக்கி, அதன்பின் பணிக்கு அழைக்கின்றன. தோட்டத்திலோ வரிசை பல வேளைகளில் மாறியே இருந்தது. பணி முதலில் வந்தது. பாய் விரித்தவர், மணியடித்தவர், மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்தவர் பின்னரே பதிவேட்டில் ஏறினர்.

யாருக்குப் பணி கிட்டியது

இவ்வாறு கூறுவதால் தோட்டத்துச் சபையைச் சமத்துவப் பூங்காவாகக் காட்ட நாம் விரும்பவில்லை. தோட்டத்தின் படிநிலை சபைக்குள்ளும் நுழைந்தது. ஆங்கிலம் படித்த கிராணிமார் செயலாளராகவும் பொருளாளராகவும் அமர்ந்தனர். துரையிடம் இடம் கேட்பதும் குருவுக்குக் கடிதம் எழுதுவதும் அவர்களால்தான் முடியும் என்பது காரணம். அது பொய்க் காரணமுமன்று. தொழிலாளிக்குக் கூரைவேய்தலும் சமையலும் தேர்ச்சுமத்தலும் எஞ்சின. ஊரிலிருந்து கொண்டுவந்த சாதி வேறுபாடும் கடலில் கரைந்துவிடவில்லை. ஓர் ஆலயத்தின் பழைய நிர்வாகக் குழுப் பெயர்ப் பட்டியலையும் அதன் கல்லறைப் பதிவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, சபையை யார் நடத்தினர், யார் நிரப்பினர் என்பதை அறிய நல்ல வழியாகும்.

இந்தப் படிநிலையைச் சிறிதேனும் குறுக்காக வெட்டியது தமிழ்க் கல்வி. வாசகம் வாசிக்கத் தமிழ் எழுத்தறிவு போதும், ஆங்கிலம் வேண்டா. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்த சிறுவன் வேதாகமத்தைத் தடங்கலின்றி வாசித்தால் பெரியவர்கள் அமைதியாய்க் கேட்டனர். தந்தை கங்காணியின் முன் குனிந்து நின்றிருக்கலாம். மகன் ஞாயிறன்று கங்காணியும் கேட்க நின்று வாசித்தான். தமிழ்ப் பள்ளி ஆசிரியர் கிறிஸ்தவராயின் அவரே பாடற்குழுவையும் ஞாயிறு பள்ளியையும் நடத்தினார். தமிழ்ப் பள்ளிக்கும் சபை ஊழியத்துக்கும் இருந்த இவ்வுறவு ஆய்வாளரின் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை என்பது நம் கருத்து.

1941 இறுதியில் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பும் ஆக்கிரமிப்பும் இந்த உள்ளூர் வலிமையைச் சோதித்தன. பிரித்தானிய, அமெரிக்க மறைப்பணியாளர் நாடு நீங்கினர் அல்லது சிறைமுகாம்களில் அடைபட்டனர். தோட்டத்து ஆண்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சபையில் எஞ்சியோர் பெண்களும் முதியோருமே. அவர்களிடமிருந்த மனப்பாடச் செபங்களைப் பறிமுதல் செய்ய யாராலும் இயலவில்லை.

1976ஆம் ஆண்டு ஆகஸ்டு

விடுதலைக்குப் பின் 1960களின் இறுதியில் வெளிநாட்டு மறைப்பணியாளர் இந்நாட்டில் தங்கும் காலத்திற்கு அரசு வரம்பு விதித்தது. குருக்களின் பற்றாக்குறை இனித் தற்காலிகமானதன்று என்பது அப்போது உறைத்தது. அக்காலத்தில் கோலாலம்பூர் மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருந்தவர், 1955இல் அதன் முதல் ஆயராகவும் 1972இல் பேராயராகவும் ஆன தோமினிக் வேந்தர்கோன். 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பினாங்கில் ஒருமாத காலம் கூடினர். அம்மாதம் பங்குகளில் குருக்கள் இல்லை. பொதுநிலையினரே ஞாயிறு வழிபாடுகளை நடத்தினர். அக்கூட்டத்தின் பயனாக, அண்டைவீட்டார் சிறுகுழுவாகக் கூடி வேதம் வாசித்து ஒருவரையொருவர் தாங்கும் அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்கள் முதன்மை பெற்றன. தமிழகத்தில் இவற்றை அன்பியம் என்பர்.

நகரப் பங்குகளுக்கு அந்த ஆகஸ்டு ஓர் அதிர்ச்சி. தோட்டத்தார்க்கு அதில் புதுமை என்ன இருந்திருக்கும்? அவர்கள் ஆண்டின் பெரும்பகுதி ஞாயிறுகளை அவ்வாறே கழித்தவர்கள். 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 230ஆம் விதி, பணியாளர் இல்லாதவிடத்துப் பொதுநிலையினர் இறைவார்த்தைப் பணியையும் செபத் தலைமையையும் திருமுழுக்கு அளித்தலையும் ஏற்கலாம் என்கிறது. 1988இல் குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கென்றே உரோமை ஒரு நெறிநூலை வெளியிட்டது. தோட்டத்து உபதேசியார் செய்துவந்ததற்குப் பெயரும் விதியும் இவ்வாறு பிந்தி வந்தன. இதே கொள்கையை லுத்தர் 1520இலேயே எல்லா விசுவாசிகளுடைய ஆசாரியத்துவம் என எழுதினார். ஆயினும் லுத்தரன் சபைகளிலும் கொள்கைக்கு உயிர்கொடுத்தது போதகரில்லா ஞாயிறுகளே என்று கருத இடமுண்டு.

தோட்டம் போனபின்

1980களிலிருந்து ரப்பர் செம்பனைக்கும், தோட்டம் வீடமைப்பு நிலத்திற்கும் இடம்விட்டன. புக்கிட் பெருந்தோங், புஞ்சாக் ஆலாம் போன்ற நகரியங்கள் எழுந்தன. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் தொழிலாளர் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தது நாடறிந்த செய்தி. தோட்டத்துச் சிற்றாலயங்கள் நிறுவன நிலத்தில் நின்றவை. அவற்றுக்குப் பட்டா இல்லை. மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்ததே அந்தோணியார் கெபிக்கும் நேர்ந்தது.

குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறின. அவை போய்ச்சேர்ந்த ஆலயங்கள் பெரியவை. குரு உண்டு, ஒலிபெருக்கி உண்டு, குழுக்களும் உண்டு. ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ் என வழிபாடுகள் முறைவைத்து நடைபெறுகின்றன. நற்கருணைப் பணியாளர், வாசகர், வரவேற்பாளர், மறைக்கல்வி ஆசிரியர் எனப் பணிகள் பெருகியிருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வகுப்பு, விண்ணப்பம், கூட்டம் உண்டு; அக்கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. தோட்டத்தில் செபமாலையைத் தொடங்கிய பெண்மணி இங்கே பின்வரிசையில் அமர்கிறார். அவருக்குப் பணி இல்லை என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. ஒரு முழு உறுப்பினர் பார்வையாளர் ஆவது இவ்வாறு ஓசையின்றி நிகழ்கிறது. அவர்களுள் சிலர் சிறு சுயாதீனச் சபைகளை நாடுவதற்குக் கோட்பாட்டு வேறுபாட்டைக் காரணம் காட்டுவோர் உளர். கடைவீட்டு மாடியில் முப்பது பேர் கூடும் சபையில் அவரைப் பெயர்சொல்லி அழைத்துச் செபிக்கச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இளையோர் நிலை வேறு. தேசியப் பள்ளியில் பயின்ற பலர் தமிழ்ப் பாடல்களை உரோமன் எழுத்தில் திரையில் பார்த்துப் பாடுகின்றனர். இசைக்கருவி, ஒளிப்படம், கணினி எனப் பணிசெய்ய முன்வருவோர் குறைவில்லை. வாசகம் வாசிக்க அழைத்தால் தயங்குகின்றனர். ஒரு காலத்தில் சிறுவனைச் சபையின் முன் நிறுத்திய எழுத்து இன்று அவன் பேரனைத் தடுத்து நிறுத்துகிறது. ஆகவே சில பங்குகளில் வாசகர் பணி ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களையே மீண்டும் மீண்டும் சார்ந்திருக்கிறது. எளிய பரிகாரம் ஒன்று உண்டு: வாசகத்தை முந்திய வாரமே கொடுத்து, முதியவர் ஒருவர் முன் இருமுறை வாசிக்கச் செய்தல். இதில் முதியவர்க்கும் ஒரு பணி கிடைக்கிறது.

2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது ஆலயங்கள் மூடப்பட்டன. குருவில்லா ஞாயிறு எல்லாருக்கும் ஒருசேர வந்தது. பல வீடுகளில் திருப்பலி கைப்பேசித் திரையில் பார்க்கும் காட்சியாக முடிந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர் உள்ள வீடுகளில் திரை அணைந்தபின் செபமும் தொடர்ந்தது. சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருந்தார்.

உபதேசியார்கள் கைப்பட எழுதிவைத்த செபக் குறிப்பேடுகள் சில குடும்பங்களில் இன்னும் இருக்கக்கூடும். அடக்கச் செபம், பிள்ளைத் திருமுழுக்கு வாய்பாடு, சந்தாக் கணக்கு, தோட்டத்தில் பிறந்தோர் இறந்தோர் பெயர்கள் ஆகியவை ஒரே ஏட்டில் கலந்து எழுதப்படும் வழக்கு உண்டு. அவ்வெழுத்தின் தமிழ் பேச்சுக்கும் மறைநூல் நடைக்கும் இடைப்பட்டது. வீடு மாறும்போதும் மூத்தவர் மறையும்போதும் முதலில் எரிக்கப்படுவன இத்தகைய ஏடுகளே. கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர்த் தமிழ்ப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் தங்கள் மாணவர் வீடுகளில் அவற்றைப் பற்றிக் கேட்கலாம்; படியெடுக்க ஒரு கைப்பேசி போதும்.